பெரியம்மாவின் புகைப்பெட்டி

பத்து வயதில் எனக்கு வந்த பொறாமை கறுப்பாக, சதுரமாக, கண்ணாடிக் கதவோடு இருந்தது. பெரியப்பா கப்பலில் சமையல்காரர். ஒன்பது மாதம் கழித்து ராயபுரம் வீட்டுக்கு வந்தவர், பெரியம்மாவுக்குக் கைக்கடிகாரம், அக்காவுக்கு சென்ட், எங்களுக்கு ஒரு டப்பா சாக்லேட் இவற்றோடு அந்தப் பெட்டியையும் இறக்கினார். கரண்டில் ஓடும் புகைப்பெட்டி. உள்ளே வைத்தால் கறி புகையிலேயே வெந்துவிடுமாம். அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், அந்த ஒரு வயதை ஒரு நாளும் என்னை மறக்கவிடாதவள்.

அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. மொட்டை மாடி பொது என்றாலும் ஈஸ்டர் அன்று அது எங்கள் ராஜ்ஜியம். நாற்பது நாள் கறி தொடாத சொந்தமெல்லாம் பூசை முடிந்து அங்கே ஏறிவிடும். பாதியாக அறுத்த எண்ணெய் டிரம்மில் அப்பா கோழி சுடுவார். சுடுவார் என்றால், மசாலா தடவுவார், திருப்பிப் போடுவார், பாராட்டை வாங்கிக்கொள்வார். கரி மூட்டுவதும் ஊதுவதும் அம்மா. விசிறுவது நான். சாயங்காலம் என் தலை முழுக்கச் சாம்பல் இருக்கும். ஆனாலும் "எங்க வூட்டுக் கோழி" என்று சொல்லும்போது எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம், குருத்து ஞாயிறன்று பெட்டிக்கு வெள்ளோட்டம். பெரியம்மா கம்பித் தட்டில் வஞ்சிரத் துண்டுகளை அடுக்கினாள். அடியில் ஒரு கிண்ணம் தண்ணீர், பக்கத்துச் சின்ன அறையில் ஒரு கைப்பிடி மரச்சீவல். அக்கா ஒரு குமிழைத் திருகினாள். அவ்வளவுதான் வேலை. எல்லோரும் டிவி பார்க்கப் போய்விட்டார்கள். கெட்டுப்போ, கெட்டுப்போ என்று நான் மட்டும் கண்ணாடியை முறைத்துக்கொண்டிருந்தேன். பாழாய்ப்போன மீன் கெடவில்லை. பொன்னிறமாக வந்து வாயில் கரைந்தது. அது ருசியாக இருந்ததற்கும் சேர்த்து எனக்கு ஆத்திரம் வந்தது.

அம்மா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஊத வேணாமாக்கா?"

"ஊதவும் வேணாம், விசிறவும் வேணாம். சொம்மா குந்திகினு இருந்தா போதும்" என்றாள் பெரியம்மா.

"கண்ணு எரியாதா?"

"நீ ஒருத்தி! பொகைதான் உள்ளாறயே கீதே."

அம்மா கிண்டல் செய்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

இந்த ஈஸ்டருக்குக் கோழி இதில்தான் என்று பெரியப்பா அறிவித்தார். அப்பா முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் டிரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போயிற்று. "இனிமே உனுக்கு லீவுடி" என்றாள் அக்கா. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கப்பலில் வந்த சீவல் தீர்ந்துபோயிருந்தது. சனிக்கிழமை பெரியம்மா என்னைத்தான் தெருமுனைத் தச்சுப்பட்டறைக்கு அனுப்பினாள். அக்கா நகப்பூச்சைக் காயவைத்துக்கொண்டிருந்தாளே, எப்படிப் போவாள்?

"மாமரத்துச் சீவலா கேட்டு வாங்கினு வா."

பட்டறையில் இரண்டு குவியல்கள் கிடந்தன. ஒன்று மாமரம். இன்னொன்று, யார் வீட்டு வாசற்காலுக்கோ இழைத்த வேப்பமரம். பை நிறைய வேப்பஞ்சீவலை அள்ளி, மேலே இரண்டு பிடி மாஞ்சீவலைத் தூவினேன்.

ஈஸ்டர் அன்று அம்மா புது நீலப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து, அத்தைமார்களுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எதிராளி பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

முதல் துண்டைச் சின்ன அத்தை கடித்தாள்.

"அய்ய! இன்னா இது, ஒரே கசப்பா கீது!"

பெரியப்பா கடித்தார், துப்பினார், பெட்டியின் மண்டையில் ஒரு தட்டு தட்டினார். "போன வாரம் நல்லாத்தானே இருந்திச்சி?" சீவல் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "மிஷினு மீனுக்குதான் சரி. கோழிக்கெல்லாம் தோதுப்படாது" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். அக்கா மூக்கைச் சிந்தி அழுதாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

வேகாத கோழி இன்னும் பாதி இருந்தது. அப்பா டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார், மாப்பிள்ளை நடையில்.

"இந்தா, கரிய எட்து வா" என்றார் அம்மாவைப் பார்த்து.

அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்தாள். கீழே போனவள் பழைய நைட்டியில், கரிக்கூடையோடு ஏறி வந்தாள். பூவையும் எடுத்துவிட்டிருந்தாள்.

"புதுப் பொடவ எங்கம்மா?"

"மட்ச்சி வெச்சிட்டேன்." டிரம்முக்கு முன்னால் குந்தி, கரியை அடுக்கிக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பொட்டிய இனிமே தொட மாட்டாங்க, இல்ல?"

"தொடவே மாட்டாங்கம்மா!" என்று நான் கொக்கரித்தேன்.

அம்மா தலையை ஆட்டினாள். குனிந்து ஊத ஆரம்பித்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், சாம்பல் அவள் முகத்தில் பறக்கப் பறக்க நான் விசிறினேன்.