செல்லிக்குக் கட்டிய கயிறு

கோத்தகிரியில் குளிர் இறங்கிவிட்டால் பியாட்ரிஸின் மனசு பன்றிக் கொட்டிலிலேயே கிடக்கும். "நாம சுடச்சுடக் காப்பி குடிக்கறோம், வாயில்லாச் சீவனுக்கு ஆறினதா?" என்பாள். மேட்டுப்பாளையம் மில்லிலிருந்து வரும் தவிட்டை அண்டாவில் கொதிக்கவிட்டு, ஆவி பறக்க இறக்குவாள். அவ்வளவு ஆசையாய் ஊட்டியும் மூன்று பன்றிகளுக்கும் விலா எலும்பு தெரிந்தது.

பதினெட்டு வருசம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துத் தோள் நொந்தவள் அவள். தனக்கென்று ஆசைப்பட்டது அந்தக் கொட்டில் ஒன்றைத்தான்.

நவம்பர் தொடக்கத்தில், கல்லறைத் திருநாளன்று கணவன் பவுல்ராஜ், மூத்த பன்றி செல்லியின் நெஞ்சைச் சுற்றிச் சணல் கயிற்றால் அளந்து, நாலு விரல் தள்ளி முடிச்சுப் போட்டான்.

"கிறிஸ்துமஸுக்குள்ள, சுத்துனா நுனி இந்த முடிச்சுக்கு எட்டாமப் போகோணும். இல்லீன்னா கொட்டிலப் பிரிச்சுட்டு மறுக்கா கூடையத் தூக்கு, புள்ள."

கயிறு மாதா படத்து ஆணியில் தொங்கியது. ஜெபம் சொல்லும்போதெல்லாம் அதுதான் அவள் கண்ணில் பட்டது.

கால்நடை டாக்டர் ராஜகுமாரி, தவிடு செரிக்க ஒரு பொடி கொடுத்திருந்தார். மூன்று வாரமாகியும், முடிச்சு வரை சுற்றினால் கயிறு தொளதொளவென்றே இருந்தது. டாக்டரே கொட்டிலுக்கு வந்து, சாணத்தைக் குச்சியால் கிளறினார்.

"போட்ட தவிடு போட்டபடியே வந்திருக்கே! பொடி போடறீங்களா, இல்லையா?"

பியாட்ரிஸுக்கு அழுகை முட்டியது. "மாதா மேல சத்தியமுங்க டாக்டரம்மா! ஒரு வேளை தவறலீங்க. தவிடு தளதளன்னு கொதிக்கறப்பவே போட்டுக் கிண்டிருவனுங்க."

டாக்டர் தலையில் கை வைத்துச் சிரித்தார். "அடடா! தவிட்டுக்குள்ள சத்து பூட்டிக் கிடக்குது. அதைத் திறக்கற சாவிதான் இந்தப் பொடி. சூடு பட்டா செத்துப் போகும். நீங்க தினமும் சாவியை அடுப்புல போட்டிருக்கீங்க!"

பாசமே பகையானதை எண்ணி அவள் செல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். செல்லி அவள் முந்தானையைத் தின்னப் பார்த்தது.

அன்று முதல் தவிடு ஆறி, விட்ட விரல் பொறுக்கும் பதத்துக்கு வந்த பிறகே பொடி விழுந்தது. ஒரே வாரத்தில் சாணத்தில் தவிட்டுச் செதில் குறைந்தது. கிறிஸ்துமஸுக்குள் விலா எலும்பெல்லாம் சதைக்குள் ஒளிந்துகொண்டது.

இருபத்துநான்காம் தேதி காலை பவுல்ராஜ் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தான். பியாட்ரிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். கயிற்றைச் சுற்றினான், இழுத்தான், மூச்சுப் பிடித்து மறுபடி இழுத்தான். நுனி முடிச்சைத் தொடவில்லை. கட்டைவிரல் அகலம் இடைவெளி!

"கயிறு மழையில சுருங்கிப் போச்சாட்ட இருக்குது," என்று முனகினான்.

"ஏனுங்க, மாதா படத்து மேலயா மழை பேஞ்சுது?"

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணீர் வழிந்தது. பவுல்ராஜ் அண்டாவருகே போனான். விரலை விட்டுப் பார்த்தான்.

"பொறுக்குது. பொடியக் கொண்டா, புள்ள."