வறீதப்பச்சனை வெட்டிய பிறந்தநாள்

பள்ளுருத்தியில் பிரிஜித்தாவின் கேக் கடையைக் கண்டுபிடித்தது தான்தான் என்று மரக்கடை ஜோப்பனின் மனைவி ரீத்தம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கடை அங்கே பதினோரு வருஷமாக இருந்தது. ரீத்தம்மாவின் வீட்டு கேட்டில் நின்று எட்டிப் பார்த்தால் பெயர்ப்பலகை தெரியும். ஆனால் கண்டுபிடிக்கப்படுவது கொச்சிக்காரர்களுக்குப் புதிதில்லை. கப்பலேறி வந்தவன் ஒவ்வொருவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டான். இவர்களும் மிளகை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். பிரிஜித்தாவும் பேசாமல்தான் இருந்தாள்.

கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு மேஜை, பின்னால் அடுப்படி. கேக்கை அடித்துச் சுடுவது எல்லோருக்கும் வரும். பிரிஜித்தாவின் வித்தை அதற்குப் பிறகு. சர்க்கரை மாவைப் பிசைந்து விரலால் நாலு அழுத்து அழுத்தினால் அதில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான். அவளுடைய அப்பா கோவில்களில் புனிதர் சிலைகளுக்கு வர்ணம் அடித்தவர். அவர் கை பட்ட சூசையப்பர், மீன்கார அந்தப்பனைப் போலவே முழிப்பார். மகளுக்கும் அதே கை. சிலையை விட்டு கேக்குக்கு ஏன் வந்தாய் என்று கேட்டால், "புனிதருக்கு அம்பது வருஷத்துக்கு ஒருதரம்தான் மூக்கு உடையும். பிறந்தநாள் வருஷா வருஷம் வருமே" என்பாள்.

மீனவர் வீட்டுப் பையனுக்கு வள்ளம், தையல்காரிக்கு ஊசிப்பெட்டி, ஓய்வு பெறும் கணக்கு டீச்சருக்கு அவருடைய பிரம்பு என்று அக்கம்பக்கத்துக்கு அவள் செய்து கொடுத்துக்கொண்டே இருந்தாள். புருஷன் கிளீட்டஸ் அதை ஆட்டோவில் வைத்து, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றியவன் போல ஊர்ந்து போய்க் கொடுத்துவிட்டு வருவான். ரீத்தம்மா வீட்டுக்கு மட்டும் எர்ணாகுளத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடையிலிருந்துதான் கேக் வரும். ஒருநாள் எர்ணாகுளத்து டாக்டர் மனைவி ஒருத்தி, "உங்க தெருவுல ஒருத்தி இருக்காளாமே, அவகிட்ட வாங்கணும்னுதான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்றாள். ரீத்தம்மாவுக்கு ஒரு கணம் முகம் செத்துப்போனது. அடுத்த கணம் உயிர் வந்தது. "அவளா? நான் கண்டுபிடிச்ச பொண்ணாச்சே!"

கண்டுபிடித்தவள் சும்மா இருக்க முடியுமா? மாமனார் வறீதுக்கு எண்பத்தைந்து முடிகிற வருஷம். முந்நூறு பேருக்கு விருந்து. நடுவில் வறீதப்பச்சனே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல ஆளுயரத்தில் பாதிக்கு ஒரு கேக்.

"வெள்ளை ஜுப்பா போடு மோளே. கழுத்துல தங்கச் சங்கிலி. முகத்துல ஒரு சிரிப்பு, பிள்ளைங்களைப் பெத்த நிறைவு தெரியணும்" என்றாள் ரீத்தம்மா.

"ஆளைப் பார்க்கணும் சேச்சி" என்றாள் பிரிஜித்தா.

"எதுக்கு? நான்தான் சொல்றேனே."

இருந்தாலும் பார்க்கப் போனாள். இரண்டு மாடி வீட்டில் வறீதப்பச்சனுக்கு ஒதுக்கியிருந்தது கார் நிற்கும் கொட்டகையை ஒட்டிய அறை. கிழவர் பல்செட்டைக் கழற்றி தம்ளரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். இடது காலில் துணிக்கட்டு.

"நீதான் என்னைச் சுடப்போறவளா?" என்றார்.

"ஆமாம் அப்பச்சா."

"நல்லாச் சுடு. எனக்குச் சர்க்கரை வியாதி. கேக்கு நான்தானாம், ஆனா நான் திங்கக்கூடாதாம்." பொக்கை வாயால் சிரித்தார். வெளியே மகன் ஜோப்பனின் கார் வந்து நின்றது. ஜன்னலைத் தாண்டி அவன் உள்ளே போனான். இந்தப் பக்கம் திரும்பவில்லை. கிழவரின் சிரிப்பு போய், முகத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. கோபமில்லை, வருத்தமும் இல்லை. விலை பேசி ஏமாந்துபோன வியாபாரி, விற்றுப்போன மரத்தைப் பார்க்கிற பார்வை.

வீட்டுக்கு வந்த பிரிஜித்தா ஜுப்பாவையும் சங்கிலியையும் சொன்னபடியே செய்தாள். முகத்துக்குச் சிரிப்பு வைக்கத்தான் பார்த்தாள். வைத்த சிரிப்பெல்லாம் பொய்யாக நின்றது, வழித்துப் போட்டாள். கடைசியில் விரல் தானாகவே அந்தப் பார்வையைக் கொண்டு வந்துவிட்டது. கிளீட்டஸ் எட்டிப் பார்த்து, "எடீ, இவரு நம்மளைத் திட்டப் போறாரு போல இருக்கே" என்றான்.

"நம்மளை இல்ல" என்றாள் பிரிஜித்தா.

விருந்து நாளில் ரீத்தம்மா கேக்கின் முகத்தைக் கண்டாள். "என்னடி இது! சிரிப்பு எங்கடி?" என்று பிரிஜித்தாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அதற்குள் பங்குத்தந்தை வந்துவிட்டார். கேக்கைச் சுற்றி வந்து, "அடடா, அச்சு அசல் வறீது சேட்டன்! கண்ணு அப்படியே இருக்கே!" என்றார்.

ரீத்தம்மா பிடித்த கையை விடாமலே சொன்னாள்: "நான்தான் சொன்னேன் ஃபாதர், உள்ளது உள்ளபடி வரணும்னு."

சிக்கல் வெட்டும்போது வந்தது. ரிப்பன் கட்டிய கத்தியோடு நின்ற ஜோப்பனுக்கு அப்பனை எங்கே வெட்டுவது என்று புரியவில்லை. கழுத்தில் வைத்தான், கூட்டம் உச்சுக்கொட்டியது. நெஞ்சில் வைத்தான், யாரோ சிரித்தார்கள். கடைசியில் குனிந்து காலில் வைத்தான்.

"அப்பச்சன் காலை வெட்டாதே!" என்று அலறினாள் திருச்சூரிலிருந்து வந்திருந்த தங்கை கொச்சுத்ரேசியா. கண்ணில் தண்ணீர் வேறு.

ஜோப்பன் நிமிர்ந்தான். "ஓ, கால் மேல இப்பத்தான் பாசம் வந்துதா? அது புண்ணாகி எத்தனை மாசமாச்சு, ஒருதரம் வந்து பார்த்தியாடி?"

"பார்க்க வந்தா எங்க உட்கார வைப்பே? கார் மேலயா?"

"பங்கு வாங்க வந்தப்போ உட்கார இடம் இருந்துதே!"

முந்நூறு பேரும் பிரியாணியை மறந்து காதைத் தீட்டினார்கள். பங்குத்தந்தை, "பிள்ளைகளே, பிள்ளைகளே" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு அவரும் கேட்க ஆரம்பித்தார். பிரிஜித்தா அடுப்படிப் பக்கம் ஒதுங்கி நின்றாள். எல்லாவற்றுக்கும் தன் விரல்தான் காரணம் என்று அவளுக்குப் பட்டது.

அப்போது வறீதப்பச்சன் எழுந்தார். "கொண்டா கத்திய."

கேக் நாற்காலியில் இருந்த தன்னைத் தானே ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். வலது கையை மணிக்கட்டோடு அறுத்து மகனிடம் நீட்டினார். "இந்தா ஜோப்பா. உனக்கு வேண்டியது இதுதானே, பத்திரத்துல கையெழுத்துப் போட்ட கை. தின்னு." ஜோப்பன் வாங்கிக்கொண்டான், அத்தனை பேர் முன்னால் வேறென்ன செய்வான்? காதை அறுத்து மகளிடம் கொடுத்தார். "ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன்ல அளக்கிறதெல்லாம் கேட்ட காது. அடுத்த வாரம் வரேன், அடுத்த வாரம் வரேன்னு." வயிற்றில் ஒரு பெரிய துண்டை பங்குத்தந்தைக்குக் கொடுத்தார். "அச்சனுக்கு இது. எங்க வீட்டு விருந்து ஒண்ணு விடாம சாப்பிட்டவரு." முதலில் சிரித்தது பங்குத்தந்தைதான். பந்தலே சிரித்தது.

"தலை எனக்கு" என்றார் கிழவர். "அது ஒண்ணுதான் இன்னும் என் பேர்ல இருக்கு."

"சர்க்கரை! அப்பச்சா, சர்க்கரை!" என்று ஓடிவந்தாள் ரீத்தம்மா. அவர் பல்செட்டைக் கழற்றி ஜுப்பாப் பையில் போட்டுக்கொண்டு, நெற்றியிலிருந்து சாவகாசமாகத் தின்ன ஆரம்பித்திருந்தார். ராப்பகலாகப் பாடுபட்டுச் செய்த முகம் கரைந்துபோவது பிரிஜித்தாவுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவர் தாடையை அசைத்து அசைத்துத் தின்ற சுகத்தைப் பார்த்தபோது, தன் கேக்கை இதற்கு முன் யாரும் இப்படித் தின்றதில்லை என்று தோன்றியது.

யாரோ அதை ஃபோனில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். கிழவரைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வருகிறவர்களைக் கார் கொட்டகைக்குக் கூட்டிப்போக முடியாதே என்று அவரை முன்னறைக்கு மாற்றினார்கள். காலுக்கு டாக்டர் வந்தார். இதைப் பாசம் என்று ரீத்தம்மா சொன்னாள். வறீதப்பச்சன் மறுக்கவில்லை, முன்னறையில் காற்று நன்றாக வந்தது.

பிரிஜித்தாவின் கடையில் வரிசை நின்றது. மருமகள்கள் மாமியாரைக் கேக்காகக் கேட்டார்கள். மாமியார்கள் மருமகளைக் கேட்டார்கள். ஒரு வார்டு மெம்பர் தன்னையே கேட்டான். யார் வெட்டுவார்கள் என்று பிரிஜித்தா கேட்டதும் யோசித்துவிட்டு ஒரு தாமரைக் குளம் போதும் என்றான்.

அந்த வருஷமே ரீத்தம்மாவுக்கு ஐம்பது நிறைந்தது. கண்டுபிடித்தவள் வேறு கடைக்குப் போக முடியாது. வந்து குரலைத் தாழ்த்தி, "மோளே, எனக்கு ஆளு வேண்டாம். ரோஜாப்பூ போதும்" என்றாள்.

பிரிஜித்தா ரோஜாப்பூ செய்தாள், பூவைத் தவிர வேறொன்றும் வைக்கவில்லை. விருந்துக்கு வந்தவர்கள்தான் கேக்கைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு இதழாக விலக்கி, உள்ளே முகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.