தனகோட்டி பேரில் ஒரு குறட்டை

சிங்கவரத்தில் தனகோட்டியின் குறட்டையைப் பற்றிக் கேள்விப்படாத ஆள் கிடையாது. ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற டேங்க் ஆபரேட்டர் அவர். விடிகாலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தெருக்குழாய்ப் பக்கம் வந்தாரென்றால், பக்கத்து வீட்டுப் பூவாயி குடத்தை வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவாள். ராத்திரி உங்கள் வீட்டுக்குள் நெல் அறுக்கிற மிஷின் ஓடியதா என்பாள். தனகோட்டியும் சிரித்துக்கொண்டே, ஆமாம், நம்முடையதுதான் என்பார்.

பச்சைப் பொய். மனுஷன் படுத்தால் இருக்கிற இடம் தெரியாது. குறட்டை அவர் மனைவி சுந்தராம்பாளுடையது.

கல்யாணமான புதிதில் ஒரு காலை, ராத்திரி குறட்டை விட்டது யாருடா என்று அவர் அம்மா கேட்டார். புதுப்பெண் அடுப்படியில் நிற்கிறாள். ஆம்பிளை குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறான் என்பார்கள். அதையே பொம்பிளை விட்டால் சும்மா விடுவார்களா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான்தான் என்று தனகோட்டி சொல்லிவிட்டார். பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளையின் தூக்கம்? அந்த அம்மா மகனை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கல்யாணம் ஆனதிலிருந்து என் பிள்ளைக்குக் குறட்டை வந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தவரும் அவரே.

சுந்தராம்பாளும் நம்பினாள். தூங்குகிறவளுக்கு எங்கே கேட்கும்? புருஷன்மேல் இரக்கப்பட்டு மிளகுப் பால் காய்ச்சிக் கொடுப்பாள், தேன் குழைத்துக் கொடுப்பாள், ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுவாள். எல்லாவற்றையும் அவர் மறுபேச்சில்லாமல் செய்தார். அடுத்தவர் குறட்டைக்கு மருந்து சாப்பிட்டவர் செஞ்சி தாலுகாவிலேயே இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

கொஞ்ச காலமாக சுந்தராம்பாளுக்கு உடம்பு சரியில்லை. எழுந்ததும் தலைவலி. உடம்பும் பெருத்துவிட்டது. செஞ்சி கடைவீதியில் துணிக்கடை வேலை. புடவை மடிக்கும்போதே கண் சொக்கும். சாயங்கால பஸ்ஸில் தூங்கிப்போய், அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்ததும் உண்டு. மாத்திரையைக் கூட்டியும் பிரஷர் இறங்கவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கியும் தூக்கம் போதாமல் ஒருத்தி தவிப்பாளா என்று தனகோட்டிக்கு விளங்கவேயில்லை.

செஞ்சியில் டாக்டரம்மாவிடம் போனார்கள். சுந்தராம்பாள் தன் பிரஷரை விட்டுவிட்டு, குறட்டை ஆபத்து என்று டிவியில் சொன்னார்கள், முதலில் இவரைப் பாருங்கள் என்று புருஷனை முன்னால் தள்ளினாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகிற வழி குறுகுகிறது. காற்று அதை உதறிக்கொண்டு போகிற சத்தம்தான் குறட்டை. வெறும் சத்தம் என்றால் பெரிதாகப் பயமில்லை. சிலருக்கு வழியே அடைத்து, மூச்சு நின்று, திணறித் திரும்ப வரும். விடியவிடிய இப்படியானால் தூங்கினாலும் தூங்கினதாகாது. பகலில் சொக்கும், பிரஷர் ஏறும், இதயத்துக்கும் மூளைக்கும் கேடு. இவருக்கு அப்படி மூச்சு நிற்கிறதா என்று கேட்டார்.

நான்தான் தூங்கிவிடுவேனே, எனக்கெங்கே தெரியும் என்றாள் சுந்தராம்பாள்.

தனகோட்டிக்கு அப்போதுதான் உறைத்தது. விடிகாலையில் அவர் எழும்போது அவள் குறட்டை சட்டென்று நிற்கும். அப்பாடா, இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போவார். மூச்சு நின்ற நேரத்தையல்லவா நிம்மதி என்று நினைத்திருக்கிறார்! வாசலில் அவர்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் சீட்டோடு நிற்கிறார்கள். இப்போது சொன்னால் மானம் போனதென்று இவள் வைத்தியமே வேண்டாம் என்பாள். சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவாள்.

"டாக்டரம்மா, எனக்குக் கொறட்டையே கெடையாது. அவளுக்குத்தான். நடுநடுவுல மூச்சு நின்னு நின்னு வருது."

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கித் தூக்கத்தைச் சோதிக்க வேண்டும், தேவைப்பட்டால் மூச்சுக்கு ஒரு மிஷின் கொடுப்பார்கள், எடையும் குறைய வேண்டும் என்றார் டாக்டரம்மா. சுந்தராம்பாள் தலையை நிமிர்த்தவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டது ஒன்றுதான்.

"அத்தைக்கும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டெஸ்டுக்கு வருவாளா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை தனகோட்டி குழாயடிக்கு வந்தபோது, குடத்தோடு சுந்தராம்பாள் அவருக்கு முன்னால் நின்றாள். பூவாயி வாயைத் திறப்பதற்குள் இவளே ஆரம்பித்தாள்.

"பூவாயி, இவரு கொறட்டைன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே, அது என்னுது. எனக்கு அதுக்கு டெஸ்ட் எடுக்கணும், நாளைக்கி ரெண்டு பேரும் போறோம். வர்ற வரைக்கும் தண்ணி லேட்டாத்தான் வரும். இன்னிக்கே புடிச்சி வச்சிக்குங்க."

பூவாயி குடத்தைக் குழாய்க்கடியில் தள்ளினாள். தனகோட்டிக்கு மனசு நிறைந்தது. அங்கே நிற்கமாட்டாமல் போய் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.