செங்கம்மா சொல்லாத பெயர்

எங்கள் தெருக்காரர்கள் செங்கம்மாவை ஊராட்சி மன்றத்துக்கு அனுப்பியதே குழாய்க்காகத்தான். குடிதண்ணீருக்கு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தோண்டி எங்களுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது. அவள் கூலிக்கு நாற்று நடுகிறவள். வாய்க்காரி. யாருக்கும் பயப்பட மாட்டாள்.

ஒரே ஒரு பயம் உண்டு. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பினாள். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான். புருஷன் பெயர் ஏழுமலை. அந்த மாதம் அவன் மாமரத்திலிருந்து விழுந்து, காலுக்குப் புத்தூர்க் கட்டுப் போட்டு, காய்ச்சலோடு படுத்துக் கிடந்தான்.

ஆந்திர ராஜ்யம் பிறந்த புதிது. மன்றம் கூடினாலே, ஊர் ஆந்திராவிலா மதராஸிலா என்று தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கத்துவார்கள். இவர்கள் கத்தித்தானா எல்லைக்கோடு நகரப்போகிறது? வேடிக்கை பார்க்கிறவர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செங்கம்மா எழுந்தேவிட்டாள்.

“எந்தப் பக்கம் போனாலும் தண்ணி குடிக்கணும் இல்ல? அத்தப் பேசுங்க சாமி!”

தலைவர் கங்கையா சிரித்துவிட்டுக் குழாய் விஷயத்தை எடுத்தார். ஊருக்கு ஒரு குழாய்தான். கேட்கிற உறுப்பினர் இடத்தின் பெயரை வாயால் சொல்ல வேண்டும், குமாஸ்தா எழுதிக்கொள்வார், அதன்பிறகு கை தூக்கல். இதுதான் அங்கே வழக்கம்.

“சந்தை முனை,” என்றார் பாலசுந்தரம். அவருடைய கடை அங்கேதான் இருந்தது, மகராசன்!

“நீங்க எந்தத் தெருவும்மா?” என்று கேட்டார் தலைவர்.

எங்கள் தெருவின் பெயர் ஏழுமலையான் கோயில் தெரு. செங்கம்மாவுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

“பெருமாள் கோயில் தெருங்க.”

“ஊர்ல ரெண்டு பெருமாள் கோயில் கீதே. எந்தப் பெருமாள்?”

“திருப்பதியில நிக்கறாரே, அவரு.”

சபையே சிரித்தது. அவள் சங்கடம் அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஒருவராவது எடுத்துக் கொடுக்கவில்லை. அவரவருக்கு அவரவர் தெரு.

“பேரு சொல்லலைன்னா சந்தை முனைன்னே எழுதிடலாங்க,” என்றார் பாலசுந்தரம்.

குமாஸ்தா பேனாவை மைக்கூட்டில் தொட்டார். செங்கம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? முந்தானையைக் கையில் இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, “ஏழுமலையான் கோயில் தெரு!” என்று கத்தினாள்.

சிரிப்பு நின்றது. கைகள் எழுந்தன. ஒரு கை கூடுதலாக எங்கள் தெரு ஜெயித்தது.

நான் அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். சந்தையைத் தாண்டி, வெயிலில், செருப்பில்லாமல் ஓட்டம். மூச்சு வாங்க நானும் பின்னாலேயே ஓடினேன்.

வீட்டில் ஏழுமலை அசையாமல் கிடந்தான். அவள் அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“இன்னாமே! காலு நோவுது, தூங்கவுட மாட்டியா?”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவன் மிரண்டுபோய் என்னைப் பார்த்தான்.

“யசோதா, இவளுக்கு இன்னா ஆச்சு?”

“நம்ம தெருவுக்குக் கொழா வந்துடிச்சி அண்ணே,” என்றேன்.

“கொழா வந்ததுக்கா இப்படி அழுவறா?” என்றான்.