ஹம்பர் ஆற்றோரம் நான் சொன்ன பொய்

தொண்ணூறுகளில், புலம்பெயர்ந்து வந்த நாட்டில் ஒரு ஞாயிறு. அலுவலக நண்பர்களான இரண்டு வெள்ளைக்காரருடன், ரெக்ஸ்டேல் பக்கம் ஹம்பர் ஆற்றோரப் பாதையில் சைக்கிள் ஓடினேன். மூவருக்கும் புதுச் சைக்கிள், பளபளக்கும் ஹெல்மெட். வழியில், கரியரில் மரக்கறிப் பை கட்டிய பழைய சைக்கிளோடு ஒருவர் நின்றார்.

"தம்பி தமிழோ? ஊரில எவடம்?" என்று ஆசையாகக் கேட்டார்.

அவருடைய கசங்கிய சட்டையைப் பார்த்தேன். நண்பர்களையும் பார்த்தேன். "சொறி, நோ தமிழ்" என்றுவிட்டு மிதித்தேன்.

கொஞ்சத் தூரத்தில் என் செயின் கழன்று இறுகிக்கொண்டது. இழுத்தபோது விரல் அகப்பட்டது. "ஐயோ அம்மா!" என்று கத்திவிட்டேன். நிமிர்ந்தால், பின்னால் வந்த அவர் இறங்கி நிற்கிறார்.

அவரே என் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துச் செயினை மாட்டினார். முகம் துடைக்க வைத்திருந்த தன் லேஞ்சியை என் விரலில் சுற்றிக் கட்டினார். பிறகு நண்பர்கள் முன்னால், தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே, "ஓகே சேர், ஸ்லோலி கோ" என்றார்.

என் பொய்யை அவர் காப்பாற்றித் தந்தார். முதல் பொய் அவசரத்தில் வந்தது என்றாவது சமாளிக்கலாம். ஆனால் தொண்டைவரை வந்த "நன்றி அண்ணை"யை விழுங்கிவிட்டு, அவருக்கும் நான் "தேங்க் யூ" என்றுதான் சொன்னேன்.