பொறுமை போட்ட குத்து

டயர் கடைக்காரருக்குத் தெருவில் ‘பொறுமை’ என்று பெயர். நாற்பது வயதுவரை யார் மேலும் கை வைத்ததில்லை. தன்னைக் கடித்த நாயிடம்கூட நியாயம் பேசியவர். அடிதடி இலாகா முழுக்க மைத்துனனுடையது. கடையில் கூடவே வேலை பார்க்கும் அவன், கழல மறுக்கும் போல்ட்டையே கெட்ட வார்த்தையில் திட்டுவான்.

ஒரு விடுமுறை நாளில் இருவரும் இரட்டை இருக்கைக் கயாக் படகு ஒன்றை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினார்கள். பாறை முனைக்கு அருகே பக்கவாட்டில் வந்த அலை படகைப் புரட்டிப் போட்டது. எப்படியோ நிமிர்த்திவிட்டார்கள். ஆனால் கடைப் பழக்கம் விடுமா? லாரி டயரோ, நின்றுபோன வண்டியோ, இருவரும் ஒரே பக்கம் நின்றுதான் தள்ளுவார்கள். இங்கும் ஒரே பக்கம் தொற்றி ஏறப் பார்த்தார்கள். படகு மறுபடி கவிழ்ந்து தலையில் இறங்கியது. மைத்துனனின் புருவம் கிழிந்தது. ஒவ்வோர் அலையும் அவர்களைப் பாறையை நோக்கித் தள்ளியது.

“நான் அந்தப் பக்கம் போய்ப் புடிச்சுக்கிறேன், நீ ஏறுடா!”

“என்னைக் கழட்டி விட்டுட்டுப் போகப் பாக்குறியா மாமா?”

மைத்துனன் அவர் கழுத்தை வளைத்துப் பிடித்தான். லைஃப் ஜாக்கெட் மேலே தூக்கியது. அவன் கீழே அமுக்கினான். வாய் நிறைய உப்புத் தண்ணீர். நியாயம் பேச இடமில்லை. பொறுமை முழங்கையால் அவன் மூக்கில் இடித்தார். பிடி விடவில்லை. முஷ்டியை மடக்கி வாயில் ஒரு குத்து விட்டார். பல் ஒன்று போயிற்று, கூடவே பிடியும் போயிற்று.

மறுபக்கம் போய் விளிம்பில் தொங்கினார்.

“இப்ப ஏறித் தொலைடா, நாயே!”

அவர் எடை மறுபக்கம் இழுத்ததால் படகு சாயவில்லை. மைத்துனன் வயிற்றால் ஊர்ந்து ஏறி, ரத்தம் ஒழுக உட்கார்ந்தான். இனி அவன் எதிர்ப்பக்கம் சாய்ந்தால்தான் அவர் ஏற முடியும். அவன் பாறையைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். படகோடு கட்டியிருந்த துடுப்பை இழுத்து எடுத்து, ஓங்கி அவர் தோளில் ஒன்று வைத்தான்.

“இது பல்லுக்கு!”

“குடுத்துட்டல்ல? அந்தப் பக்கம் சாயுடா!”

சாய்ந்தான். சாய்ந்தபடியே ஜாக்கெட்டைப் பிடித்து அவரை உள்ளே இழுத்தும் போட்டான்.

கரையில் அவர் மனைவி, அவனுடைய அக்காக்காரி, நின்றிருந்தாள்.

“வாயில என்னடா?”

“படகு இடிச்சிருச்சுக்கா.”

“உங்க தோள்ல?”

“அதே படகுதான்,” என்றார் பொறுமை.

அவள் படகைச் சுற்றிவந்து பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

“சரி. ரெண்டு பேர்ல யாரு அந்தப் படகு?”