விடாமல் இறக்கிய வில்

எனக்குப் பொறுமை கிடையாது. மற்றவர் பேசி முடிக்குமுன் அவர் வசனத்தை நானே முடித்துவிடுவேன். எங்கள் ஊரான டூங்கபியில் இறங்குவதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே ரயில் கதவருகே போய் நிற்பேன். இப்படிப்பட்டவள் ஜப்பானிய வில்வித்தை பழகப் போனது என் வீட்டாருக்கு இன்னமும் பகிடிதான்.

முதல் நிலைத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. என் அம்புகள் இலக்கில் பட்டுக்கொண்டிருந்தன. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். என்னைவிடப் பத்து வயது இளையவரான ஆசிரியை மட்டும் மெச்சவில்லை. நாணை முழுவதும் இழுத்தபின் சில நொடி அசையாமல் நிற்க வேண்டும்; நானோ இழுத்த கையோடு விட்டுவிடுகிறேன். தேர்வில் முதலில் பார்ப்பது அந்த நிற்பைத்தான் என்றார். இரண்டு மீட்டர் தள்ளியிருந்த வைக்கோல் பொதியின் முன் என்னை நிறுத்தினார்.

"இழுங்கள், நில்லுங்கள், அம்பை விடாமல் வில்லை இறக்குங்கள்."

இரண்டு வாரமும் அதுதான். விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. அநேகமான தடவை அம்பு பாய்ந்து பொதியில் குத்தி நின்றது. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு ஏன் இந்தக் கூத்து என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனாலும் அந்தத் தேர்வு எனக்கு வேண்டும்.

தேர்வன்று கணவர் பின்வரிசைக் கதிரையில் இருந்தார். முதல் அம்பில் என் கை முந்திக்கொண்டது. இலக்கில் 'டப்' என்று பட்டது. அந்த அமைதியில் அவர் ஒருவர் மட்டும் கைதட்டினார். எனக்குக் காது சூடானது. இரண்டாவதை இழுத்தேன். நின்றேன். தோள் நடுங்கியது. விடு, விடு என்று உடம்பு முழுவதும் கெஞ்சியது. நின்றேன். விட்டபோது அம்பு இலக்குக்குக் கீழே தரையில் விழுந்தது.

வெளியே வந்ததும் கணவர், "முதலாவது நல்லாப் பட்டது. ரெண்டாவதிலதான் பிழை விட்டிட்டீர்" என்றார்.

"இல்லையப்பா, முதலாவதுதான் பிழை."

"அப்ப நான் கைதட்டினது?"

நான் முடிவு பார்க்க நடந்தேன்.

சுவரில் ஒட்டிய பட்டியலில் என் இலக்கம் இல்லை. ஆசிரியை அருகே வந்து, "இரண்டாவது அம்பு நன்றாக இருந்தது" என்றார். அது போதும் என்று பெருந்தன்மையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு, காரில் ஏறி, கணவர் பார்க்கப் பார்க்க அழுதேன்.